இறங்க மறுத்த ஜீப்பும் சாந்தாமணி தேர்ந்தெடுத்த ஜாக்கியும்

உடுமலைப்பேட்டைக்கு மேற்கே, காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கைகளை வீசிக்கொண்டு நிற்கிற திசையில், செல்வநாயகி லே-அவுட் என்று ஒரு குடியிருப்பு உண்டு. அங்கே ஆனி மாதம் பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து புறப்பட்டு வரும் காற்று கொடியில் காயும் வேட்டிகளைத் தெருத் தெருவாகக் கூட்டிக்கொண்டு போகும், ஒரு வீட்டின் சாம்பார் வாசனையை மூன்றாவது வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்தில் முகர்ந்துகொண்டிருப்பார். அப்படிப்பட்ட ஒரு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் திருமூர்த்தியின் பழைய ஜாக்கி உயிரை விட்டது.

திருமூர்த்தி வாரத்தில் ஆறு நாள் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெக்கானிக். வால்பாறையில் யாரோ எஸ்டேட்காரர் ஓட்டி ஓட்டிக் கழித்துப்போட்ட ஒரு பச்சை ஜீப்பை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருந்தார். அந்த ஜீப்பு ஓடிய நேரத்தைவிட, அதன் அடியில் அவர் படுத்திருந்த நேரமே அதிகம். ஜீப்போடு கூடவே வந்த அந்தத் தள்ளுவண்டி ஜாக்கி, கீழே நாலு சின்னச் சக்கரங்களும் நீண்ட கைப்பிடியும் கொண்டது, ஒரு வருஷமாகவே எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அதன் கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றி, "இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடும்" என்று சொல்லிச் சொல்லியே திருமூர்த்தி அதை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி சாந்தாமணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஊசி போன ஓட்டையும் விட்டுப்போன தையலும் எங்கே இருக்கின்றன என்று விரல் நுனியாலேயே கண்டுபிடிக்கிற வேலை. ஓட்டையைத் தேடித் தேடிப் பழகிய அந்தக் கண், வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. "அந்த ஜாக்கிய மாத்துங்க, மாத்துங்க" என்று அவள் பொங்கலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை அவர் ஜீப்பின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் படுத்து, ஏதோ பழைய மெட்டை மூக்காலேயே பாடிக்கொண்டு, பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக்கொண்டு குனிந்த சாந்தாமணி பார்த்தாள்: ஜாக்கி ஒரு பெருமூச்சு விட்டது, எண்ணெய் குபுக்கென்று தரையில் பரவியது, ஜீப்பைத் தாங்கியிருந்த அதன் தலை மெல்ல மெல்லத் தாழ்ந்து தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. ஜீப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜாக்கியின் தலைக்கும் ஜீப்பின் இரும்புக்கும் நடுவே எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரும் அதன்மேல் உட்கார்ந்திருந்த பூனையும் பளிச்சென்று தெரிந்தன. அந்த வெறும் இடத்துக்குக் கீழே திருமூர்த்தியின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்புள்ள, ஸ்பேனர் கேட்டனே" என்றார் அவர் உள்ளேயிருந்து.

சாந்தாமணி ஸ்பேனரைப் போட்டுவிட்டு, கன்றுக்குட்டியை வெளியே இழுக்கிறவர்களைப் போல அவருடைய இரண்டு கால்களையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். முதுகுத் தோல் சிமெண்டுத் தரையில் உரசி வெளியே வந்த திருமூர்த்தி, "கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?" என்று எழுந்து உட்கார்ந்து, அவள் பார்த்த இடத்தைத் தானும் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படுத்திருந்த குதிரை முதலில் முன்னங்காலை ஊன்றிப் பிறகு பின்பக்கத்தைத் தூக்குமே, அதைப்போல ஜீப்பு தன் பின்சக்கரங்களையும் தரையிலிருந்து எடுத்து, ஒரு முழ உயரத்தில் சமமாக நின்றுகொண்டது.

முதலில் வந்து பார்த்தவர் பக்கத்து வீட்டு லூர்துராஜ். போக்குவரத்துக் கழகத்தில் பழனி, தாராபுரம் பஸ்களை ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பில் கைவைத்து ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"போட்டிருக்குதுங்ணா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் ஒரு தாம்புக் கயிற்றோடு திரும்பி வந்தார். காற்றுக் காலத்தில் ஜீப்பு தெருவைத் தாண்டிப் போய்விட்டால் யார் பிடித்து வருவது என்பது அவருடைய கவலை. முருங்கை மரத்தில் கட்டலாம் என்றார் திருமூர்த்தி. முருங்கை முறிந்துவிடும், வேம்புதான் தாங்கும் என்றார் லூர்துராஜ். ஜீப்பை வேப்பமரத்தில் கட்டினார்கள். மேற்கிலிருந்து மேல்காற்று வீசும்போது ஜீப்பு மெல்லத் திரும்பி மூக்கை மேற்கே வைத்துக்கொண்டது, காற்று நின்றால் மறுபடியும் வாசலைப் பார்த்து நின்றது.

மறுநாள் வார்டு கவுன்சிலர் பழனாத்தாள் வந்து, ஜீப்பின் எந்தப் பக்கமாவது தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். காம்பவுண்டுக்கு உள்ளேதான் நிற்கிறது என்று தெரிந்ததும், "சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணி, அதுவரைக்கும்தான் எம் பொறுப்பு, ஆகாயமெல்லாம் முனிசிபாலிட்டில வராதுங்க" என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார். வண்டிச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட வந்த மாரியம்மன் கோயில் பூசாரி, சக்கரம் தரையில் இல்லாததால் சற்று யோசித்து, பழத்தை நூலில் கோத்து ஒவ்வொன்றாக நாலு சக்கரத்திலும் கட்டித் தொங்கவிட்டார்.

பிறகு அந்தத் தெரு ஜீப்பை, புதிதாக வந்த ஒரு நிழலை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் எதிர்வீட்டு ஜமீலா, ஒரு நாள் இடம் போதாமல் இரண்டு மாவுக் குண்டாக்களை ஜீப்பின் அடியில் கொண்டுவந்து வைத்தாள். அந்த மாவில் சுட்ட இட்லி தட்டிலிருந்து எழும்பிவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்குப் பூவாக வந்தது. அன்றிலிருந்து அவளுடைய மாவெல்லாம் ஜீப்படியில்தான் புளித்தது, தள்ளியிருக்கிற காந்தி நகரிலிருந்தெல்லாம் தூக்குப்போசிப் பாத்திரத்தோடு ஆட்கள் வந்தார்கள். கோழிகள் அங்கே முட்டையிட்டன. கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜீப்பின் பானெட்டில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கயிறு இழுத்துப் பிடித்த வேப்பமரத்தடியில் ஒருவர் டீக்கடை போட்டார். மினி பஸ் கண்டக்டர் "ஜீப்பு ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார். திருமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. நூற்பாலையில் மேனேஜர் அவரைத் தன் அறைக்கு அழைத்து உட்காரவைத்து விசாரித்தார், அத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இத்தனை பேர் சந்தோஷமாக இருந்த இடத்தில் சாந்தாமணிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் உள்ளங்கை நுழைகிற அளவு ஓட்டையோடு ஒரு பனியனை அவள் நல்லதென்று தள்ளிவிட, சூப்பர்வைசர் அதை எடுத்துவந்து கோபப்படாமல், "என்னாச்சுங்க்கா உங்களுக்கு?" என்று கேட்டான். துணியை வெளிச்சத்தில் விரிக்கும்போதெல்லாம், ஜாக்கிக்கும் ஜீப்புக்கும் நடுவே தெரிந்த அந்தக் காலி இடமும், அதற்கப்பால் உட்கார்ந்திருந்த பூனையுமே அவள் கண்ணுக்குத் தெரிந்தன.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமூர்த்தி கோரைப்பாயைக் கொண்டுவந்து ஜீப்பின் அடியில் விரித்தபோது அவள் வாசற்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"எங்க போறீங்க?"

"வேல பாதில நிக்குதல்ல? போல்ட்ட முடுக்கோணும்."

"மொதல்ல ஜாக்கி வாங்குங்க."

"ஜாக்கி எதுக்கு? தூக்கறதுக்கு. அதான் யாரும் தூக்காமயே நிக்குதே. ஊர்ல எவனுக்குக் கெடைக்கும் இந்த வசதி?" என்று அவர் சிரித்தார்.

"எது மேல நிக்குதுன்னு தெரிஞ்சா, எப்ப உழுகும்னு தெரியும். இது எது மேல நிக்குது? சொல்லுங்க பாக்கலாம்."

"அது பாட்டுக்கு நிக்குது. நீயேன் அதப் போய் நோண்டறே?"

"அதுக்கு அடியில நீங்க படுக்கக்கூடாது."

"உனக்கு எல்லாத்துலயும் ஓட்டைதான் தெரியும், சாந்தா. அது உன்ற தொழில் தோஷம்" என்று சொல்லிவிட்டு அவர் பாயில் படுத்து உள்ளே போய்விட்டார். அவள் அங்கேயே, அவர் கால்களைப் பார்த்துக்கொண்டு, எந்த நேரமும் பிடித்து இழுக்கத் தயாராக, வெயில் ஏறும் வரை குந்தியிருந்தாள். அவர் வெளியே வந்து கை கழுவினார். அவள் எழுந்திருக்க முடியாமல் ஜமீலாவைக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்துத்தான் எழுந்தாள்.

"ஜமீலா, நாளைக்கு லீவு போட்டுட்டுக் கோயமுத்தூர் போறேன். கூட வர்றியா?"

"எதுக்குங்க்கா?"

"ஜாக்கி வாங்கோணும்."

"மாவாட்டி வெச்சுட்டு வந்தர்றேங்க்கா" என்றாள் ஜமீலா.

கிளம்பும்போது லூர்துராஜ் காம்பவுண்டுச் சுவர் மேலாக எட்டிப் பார்த்து, வண்டி எடையைப்போல இரண்டு பங்கு தாங்குவதாகப் பார், முழுக்கத் தாழ்த்தினால் வண்டிக்கு அடியில் நுழையவேண்டும், முழுக்க ஏற்றினால் சக்கரம் தரையை விடவேண்டும், அதற்குமேல் ஆசைப்படாதே அம்மிணி என்று சொல்லி அனுப்பினார். சாந்தாமணி அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் கடைக்காரரைச் சோதிக்க அவள் மனசில் வேறொரு சோதனை வைத்திருந்தாள்.

முதல் கடை கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. கழுத்தில் டை கட்டிய ஒருவர், திருவிழாத் தேர்போலச் சிவப்பாக மின்னிய ஒரு ஜாக்கியைக் காட்டி, மூன்று டன், இரட்டைப் பம்ப், நாலே அழுத்தில் வண்டி மேலே வந்துவிடும் என்று அருவி கொட்டுவதுபோலச் சொன்னார். சாந்தாமணி எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "வாசல்ல நிக்கற காரத் தூக்குங்க" என்றாள். தூக்கினார். "இப்ப அதுக்கு அடியில நீங்க படுங்க" என்றாள்.

"மேடம்?"

"படுங்க. நான் பாக்கோணும்."

"எனக்கு டஸ்ட் அலர்ஜிங்க மேடம்" என்றார் அவர். சாந்தாமணி நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

உக்கடத்தில் இரண்டாவது கடைக்காரர், பழைய ஜாக்கிகளைப் பிரித்துச் சரிபண்ணிச் சாயம் பூசி விற்பவர். "ஆனைய நிறுத்துங்க, தூக்கிக் காட்டறேன்" என்றார். படுக்கிறீர்களா என்று கேட்டதும், "இதென்ன பெரிய விஷயம்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு டெம்போவின் அடியில் படுத்தும் காட்டினார். ஜமீலா அவளை இடித்து, "இதையே வாங்கிக்கலாம்க்கா" என்றாள். சாந்தாமணி குனிந்து அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்கண்ணா, போதும். மூச்சு விடாமப் படுத்திருக்கீங்க."

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, கோபப்படாமல் சிரித்துவிட்டார். "அதையெல்லாமா கவனிப்பாங்க?" என்று கேட்டு, இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

மூன்றாவது கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடையை நடத்துகிறவள் பிலோமினா என்ற ஐம்பது வயதுக்காரி. தூக்குப்போசியைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட உட்கார்ந்திருந்தவளிடம், ஜாக்கியைக் காட்டச் சொல்லி, கடை முன்னால் நின்ற சரக்கு ஆட்டோவைத் தூக்கவைத்து, சாந்தாமணி அதே கேள்வியைக் கேட்டாள்.

"நான் படுக்கமாட்டேன்" என்றாள் பிலோமினா. "நான் எதுக்குப் படுக்கோணும்? ஜாக்கிய நம்பி எங்கூட்டு நாய்கூடப் படுக்காது."

ஜமீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாந்தாமணி சிரிக்கவில்லை. "அப்புறம் எதுக்கு விக்கறீங்க?" என்றாள்.

"தூக்கறதுக்கு விக்கறேன். ஜாக்கி தூக்கும், தாங்காது. எந்தக் கம்பெனி ஜாக்கியா இருந்தாலும் ஒரு நாளைக்கு அதோட ரப்பர் சீல் போகும், எண்ணெய் எறங்கும். தாங்கறதுக்கு இது" என்று சோற்றுக் கையாலேயே மூலையைக் காட்டினாள். மூன்று கால், நாலு கால் ஸ்டூல்கள்போல, உயரம் கூட்டிக் குறைத்துப் பல்லில் மாட்டி வைக்கிற இரும்பு ஸ்டாண்டுகள் அங்கே அடுக்கியிருந்தன. "தூக்கி, இதுல உக்காத்தி வெச்சுட்டு, வண்டிய நல்லா ஒருக்கா அசைச்சுப் பாத்துட்டு, அப்புறந்தான் அடியில போகோணும். உங்க ஊட்டுக்காரர் இதில்லாமத்தான் படுக்கறாராட்ட?"

சாந்தாமணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அத்தனை நாளாக வராத அழுகை அந்தக் கடை வாசலில் வந்தது. ஜமீலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிலோமினா கை கழுவி வந்து, தண்ணீர் கொடுத்து, பிறகு கடையில் இருந்த ஜாக்கிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு சாந்தாமணி தன் தொழிலைக் காட்டினாள். பற்றவைத்த இடங்களிலெல்லாம் விரல் நுனியை ஓட்டி, தையலைத் தடவுவதுபோலத் தடவி, குழி இருந்ததை ஒதுக்கினாள். சக்கரம் சின்னதாக இருந்ததை, எங்கள் வாசல் சொரசொரப்பான சிமெண்டு, உருளாது என்று ஒதுக்கினாள். அலுமினியத்தில் செய்த ஒன்று தூக்கிச் செல்ல லேசாக இருந்தது, ஆனால் அதற்கு ரப்பர் சீல் சென்னையிலிருந்து வரவேண்டும் என்று பிலோமினாவே சொன்னதால் அதுவும் போயிற்று. மிச்சம் நின்றவற்றை ஆட்டோவின் அடியில் ஒன்று மாற்றி ஒன்று வைத்துத் தூக்கி, தூக்கிய உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒன்று நகத்தளவு இறங்கியது. ஒன்று மயிரிழை இறங்கியது. ஒன்று, சாம்பல் நிறத்தில் அழகே இல்லாத, எருமைக்கன்றுபோலக் குட்டையான ஒன்று, பிலோமினா சோற்றை முடித்து, வெற்றிலை போட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழும் வரை கோட்டிலேயே நின்றது.

"இதுதான்" என்றாள் சாந்தாமணி. "அந்த ஸ்டாண்டுலயும் நாலு வேணும்."

பஸ்ஸில் ஜாக்கியை ஏற்றியபோது கண்டக்டர் பார்த்துவிட்டு, "பஸ்ஸு பஞ்சரானா நீங்களே பாத்துக்குவீங்களாட்ட இருக்குதுங்க்கா" என்றார். பொள்ளாச்சி வரும்வரை பஸ்ஸே சிரித்துக்கொண்டு வந்தது.

ஆனால் வீட்டு வாசலில் யாரும் சிரிக்கவில்லை. ஜீப்பை இறக்கப்போகிறாள் என்ற செய்தி பஸ்ஸைவிட வேகமாக வந்து சேர்ந்திருந்தது. டீக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்து நின்றார். கல்யாணம் வைத்திருந்த ஒரு குடும்பம், முகூர்த்தம் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டது. பூசாரி, தெய்வம் நிறுத்திவைத்ததை மனுசர் இறக்கலாமா என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டார். ஜமீலாவைப் பார்த்து, "உன்ற மாவு என்னாகும் பாத்துக்க" என்று யாரோ சொன்னார்கள். அவள் "மாவு எங்க வெச்சாலும் புளிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் குண்டாக்களைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்தாள்.

சாந்தாமணி ஜாக்கியை உருட்டிக்கொண்டு போய் ஜீப்பின் அடியில் விட்டுக் கைப்பிடியை அழுத்தினாள். ஜாக்கியின் தலை உயர்ந்தது. உயர்ந்த அளவுக்கு ஜீப்பும் உயர்ந்தது. மறுபடியும் அழுத்தினாள், ஜீப்பு மறுபடியும் எழும்பி, கூச்சப்படுகிற மாடு பால்காரரிடமிருந்து விலகுவதுபோல நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டே நின்றது. பக்கவாட்டில் போனால் பக்கவாட்டில் நகர்ந்தது. லூர்துராஜும் இன்னும் ஆறேழு பேரும் கயிற்றில் தொங்கிப் பார்த்தார்கள். உள்ளே அரிசி மூட்டைகளை அடுக்கிப் பார்த்தார்கள். அது அசரவில்லை.

நூற்பாலையிலிருந்து வந்து இறங்கிய திருமூர்த்தி இதையெல்லாம் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியா, அதுக்கே ஜாக்கி புடிக்கல. உடு புள்ள. இந்தா, நான் படுத்துக் காட்டறேன்" என்று சட்டையைக் கழற்றினார்.

"நகருங்க" என்றாள் சாந்தாமணி.

கூடியிருந்தவர்கள் என்ன ஏதென்று உணர்வதற்குள் அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, முதுகாலேயே நகர்ந்து ஜீப்பின் அடியில் போய்விட்டாள். போன வேகத்தில் ஒரு செருப்பு மட்டும் வெளியே கிடந்தது.

திருமூர்த்தி சிரிப்பை நிறுத்தவில்லை, அது தானாக நின்றது. மேல்காற்று ஒரு தடவை பலமாக வீசியது. வேப்பமரத்தில் கயிறு கிறீச்சென்றது, ஜீப்பு மூக்கை மேற்கே திருப்பியது, அதன் இரும்பு வயிறு அவளுடைய முகத்துக்கு மேலாக மெல்ல நகர்ந்து போனது. அவர் குனிந்து பார்த்தார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பின் அடியில் இருந்து வெளியே பார்த்திருக்கிறார், வெளியே இருந்து அடியில் பார்த்ததில்லை. அவளுடைய மூக்குத்தி மின்னியது. அவளுடைய நெஞ்சு ஏறி இறங்கியது. அதற்கு மேலே ஜீப்பு, ஜீப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"சாந்தா, வெளிய வா."

"எதுக்குங்க? குளுகுளுன்னு நல்லாத்தான் இருக்குது."

"வெளையாடாத. வெளிய வா புள்ள."

"அதான் நிக்குதல்ல?"

கால்களைப் பிடித்து இழுக்கலாம் என்று குனிந்தார், அவள் கால்களை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டாள். "ஐயோ, யாராச்சும் வாங்க" என்று கத்தியவர், யாரும் வருவதற்கு முன் தானே ஓடினார். திண்டாடித் தடுமாறி அந்த நாலு ஸ்டாண்டுகளையும் இரண்டிரண்டாக அள்ளிக்கொண்டு வந்து, மண்டியிட்டு, ஒன்றை முன் வலப்பக்கம், ஒன்றை முன் இடப்பக்கம், பின்பக்கம் இரண்டு, ஒவ்வொன்றின் பல்லும் சரியாக விழுந்திருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்து நிறுத்தினார். பிறகு ஜாக்கியை இழுத்து வந்து நடுச்சட்டத்துக்கு நேராக வைத்துக் கைப்பிடியை அழுத்தினார். அழுதுகொண்டே அழுத்தினார், தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுகூட அவர் நினைவில் இல்லை.

இந்தத் தடவை ஜீப்பு விலகவில்லை. ஜாக்கியின் தலை வரும்வரை அது காத்திருந்தது. இரும்பும் இரும்பும் தொட்டன. ஜாக்கி 'ம்' என்று ஒரு முனகல் முனகியது, அந்த முனகலில் ஜீப்பின் எடை முழுவதும் உலகத்துக்குத் திரும்பி வந்ததைக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் தங்கள் உள்ளங்காலில் உணர்ந்தார்கள். திருமூர்த்தி கைப்பிடியைத் திருகி, மயிரிழை மயிரிழையாக எண்ணெயை விட்டு, முன்பக்கத்தை ஸ்டாண்டுகளில் இறக்கினார், பிறகு ஜாக்கியைப் பின்னால் கொண்டுபோய் அதையும் இறக்கினார். ஜீப்பு நாலு கால்களில் உட்கார்ந்தது. அவர் எழுந்து தோளைக் கொடுத்து முட்டினார். அசையவில்லை. லூர்துராஜும் முட்டினார். அசையவில்லை.

"இப்ப... இப்ப வா" என்றார்.

"இருங்க" என்றது அடியிலிருந்து சாந்தாமணியின் குரல். "இங்க ஒரு போல்ட்டே இல்லீங்க. இந்த ரப்பர் குழா விரிஞ்சிருக்குது. இதென்ன, கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்கீங்க? இத்தன நாளா இதுக்குள்ள படுத்து என்னதான் பாத்தீங்க?"

முதலில் ஜமீலா சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது. முகூர்த்தம் வைத்திருந்த வீட்டார்கூடச் சிரித்தார்கள். சாந்தாமணி முதுகெல்லாம் தூசியோடு வெளியே வந்து உட்கார்ந்தாள். திருமூர்த்தி அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அன்னிக்கு நீ எங்க நின்னே?"

"இப்ப நீங்க நின்ன எடத்துலதானுங்க."

அவர் எழுந்துபோய் அவளுடைய ஒற்றைச் செருப்பை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தார்.

ஜீப்பு அதற்கப்புறம் மற்ற ஜீப்புகளைப்போலவே இருந்தது, ரிப்பேர் ஆனது, சரியானது, மறுபடியும் ஆனது. டீக்கடை மட்டும் அதே இடத்தில் நிலைத்துவிட்டது, மினி பஸ்ஸும் அங்கேயே நின்று ஆளை ஏற்றிப் போனது. ஜமீலாவின் மாவு பழையபடி சாதாரணமாக வந்தது, ஆனால் அது நன்றாக வருகிறது என்று எல்லோரும் நம்பப் பழகிவிட்டதால் விற்பனை குறையவில்லை.

தெருவில் மிஞ்சியது ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் திருமூர்த்தி ஜீப்பைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சாந்தாமணியைக் கூப்பிடுவார். அவள் வந்து தோளைக் கொடுத்து நன்றாக முட்டிப் பார்த்து, "ம், போங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் அவர் குனிவார். இதைப் பார்த்து லூர்துராஜ் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி வைத்தால் யாரையாவது கூப்பிட்டு ஏணியை அசைக்கச் சொன்னார். டீக்கடைக்காரர் பந்தல் போட்டபோது தூணை அசைத்துப் பார்க்க ஆள் தேடினார். பிறகு அது அந்த லே-அவுட்டின் சட்டம்போலவே ஆகிவிட்டது.

சமீபத்தில் மின்வாரியத்தில் புதிதாக மாற்றலாகி வந்த லைன்மேன் ஒருவர், கம்பத்தில் ஏணியைச் சாய்த்து முதல் படியில் கால் வைத்தார். "இருங்க, இருங்க" என்று நாலு வீட்டிலிருந்து நாலு குரல்கள் வந்தன. என்ன நடந்துவிட்டதோ என்று அவர் பதறி இறங்கினார். பனியன் கம்பெனி வேனிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு பெண்மணி, சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஏணியை இரண்டு கையாலும் பிடித்து, அதன் கால்கள் ஊன்றிய மண்ணைக் குனிந்து பார்த்து, தன் முழு பலத்தையும் கொடுத்து ஒரு உலுக்கு உலுக்கினாள். பிறகு அந்த லைன்மேனைப் பார்த்து, தனக்குப் பிறந்தவனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"ம், இப்ப ஏறுங்க சாமி."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஏறினார். கம்பத்தின் உச்சியில் காற்று அவர் சட்டையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது, கீழே எட்டிப் பார்த்தார், அந்தப் பெண்மணி இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.